உங்கள் குழாய்த் தண்ணீருக்கு எதிர்த்திசையில் ஒரு சைக்கிள் பாதை

ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிக்கும் சென்னை நண்பர்களுக்கு,



உங்களில் பெரும்பாலோரை எனக்கு முகம் தெரியாது; பழக்கம் தெரியும். இருட்டு விலகுமுன் எழுந்து, டயரில் காற்றுப் பார்த்து, விளக்கு மாட்டி, முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் வரை போய், ஒரு காபி குடித்துவிட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்புகிறவர்கள் நீங்கள். அந்தச் சாலையின் வேகத்தடைகள்கூட உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஒரு வாரக் கடைசியின் இரண்டு நாளை எங்கள் பக்கம் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எங்கள் பக்கம் என்றால் வீராணம் ஏரிக்கரை. கடலூர் மாவட்டம், காட்டுமன்னார்கோவில் வட்டம்.

உங்களைக் கேட்க எனக்கு ஓர் உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன். 2004-ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏரியின் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து இறைத்து, வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்தில் தெளியவைத்து, 200 கிலோமீட்டருக்கும் நீளமான குழாயில் உங்கள் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்ற அளவுக்குத் திட்டமிட்டுக் கட்டியது அது. பூண்டியும் செம்பரம்பாக்கமும் காய்ந்து கிடந்த கோடைகளில் உங்கள் தெருக் குழாயில் வந்தது எங்கள் ஏரி. பயணத்துக்கு நீங்கள் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளும் தண்ணீரிலும் அது இருக்கலாம். நான் சொல்லப்போகும் பாதை அந்தத் தண்ணீர் வரும் வழியிலேயே, அதற்கு எதிர்த்திசையில், அது புறப்படும் இடத்தை நோக்கிப் போகிறது.

சைக்கிளை ரயிலின் பார்சல் வேனில் பதிவு செய்து பண்ருட்டியில் இறங்குங்கள். அங்கிருந்து கடம்புலியூர், வடக்குத்து வழியாக வடலூருக்குச் சாலை செம்மண் மேட்டில் மெல்ல ஏறும். இருபுறமும் முந்திரித் தோப்பு, பலா மரங்கள். கும்பகோணம் போகும் தேசிய நெடுஞ்சாலை இது; லாரிகள் அதிகம். விடிந்ததும் கிளம்பி ஓரத்திலேயே ஓட்டி, கூட்டம் சேருமுன் கடந்துவிட வேண்டிய பகுதி. இதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, வடக்குத்தைத் தவிர. அங்கே சாலையோரம் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் குழாய் அங்கிருந்துதான் வருகிறது.

1960-களின் கடைசியில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பழைய வீராணம் திட்டத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய சிமெண்ட் குழாய்கள் சாலையோரம் வரிசையாக ஆண்டுக்கணக்கில் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடியிருந்தார்கள். அந்தக் குழாய்களைப் பார்த்தே வளர்ந்த ஒரு தலைமுறை இந்தச் சாலையோர ஊர்களில் உண்டு.

வடலூரில் காலை உணவுக்கு ஓட்டல் தேட வேண்டாம். வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. யார், எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வரிசையில் உட்காருங்கள். கிளம்பும்போது கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள். அடுத்திருக்கும் எண்கோண வடிவ சத்திய ஞானசபையையும் பார்த்துவிட்டுப் புறப்படலாம். அது 1872-இல் எழுந்தது.

சேத்தியாத்தோப்பில் வெள்ளாறு குறுக்கிடும். அங்கே நெடுஞ்சாலையை விட்டுக் காட்டுமன்னார்கோவில் சாலையில் திரும்புங்கள். பூதங்குடி வந்ததும் ஏரி தெரியும். பிறகு லால்பேட்டை வரை சாலை ஏரிக்கரையின் மேலேயே போகிறது.

இந்தக் கரையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். தெற்கே போகும்போது வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். இடப்பக்கம் கரைக்குக் கீழே, நன்றாகக் கீழே, வயல். சற்று நின்று இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். ஏரி நிறைந்திருக்கும் நாளில் அதன் நீர்மட்டம் வயல் மட்டத்தைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரியும். மேற்கே அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து கிழக்கே சரியும் நிலத்தை, ஒரே ஒரு நீண்ட மண்சுவரால் மறித்திருக்கிறார்கள். அந்தச் சுவரின் மேல்தான் நீங்கள் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். பாறையைத் தேடிப் போகவில்லை, மலையிடுக்கைத் தேடவில்லை; சமவெளியில் சரிவைக் கண்டுபிடித்துக் கட்டியது. அந்தச் சரிவை உங்கள் கால்கள் உணராது. சைக்கிள் கணினியும் பூஜ்யம் என்றுதான் காட்டும். பத்தாம் நூற்றாண்டில் அதைக் கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள்.

முதலாம் பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டம். ஏரிக்கு அந்தப் பெயர். அவன் மகன் இளவரசன் ராஜாதித்தன் படையோடு வடக்கெல்லையில் காத்திருந்த காலத்தில் வீரர்களைக் கொண்டே இதை வெட்டினான் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அவன் காத்திருந்த போர் 949-இல் தக்கோலத்தில் நடந்தது. யானை மேலிருந்தபடியே ராஜாதித்தன் இறந்தான். தக்கோலம் அரக்கோணத்துக்கு அருகில் இருக்கிறது. உங்களில் சிலர் சைக்கிளிலேயே அங்கு போயிருப்பீர்கள். அவன் தோற்ற இடம் உங்கள் பக்கம், அவன் பெயரைச் சொல்லி நிற்கும் நீர் எங்கள் பக்கம்.

கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவதும் இந்தக் கரையில்தான். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அந்த நாவலின் கைபிடித்து இங்கே வருகிறவர்கள் நிறையப் பேர். வரட்டும். ஆனால் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு உடனே காரில் ஏறிவிடுகிறார்கள். காரின் வேகத்தில் மதகு தெரியாது. ஒவ்வொரு மதகாக நின்று, அதிலிருந்து இறங்கும் வாய்க்கால் எந்த ஊருக்குப் போகிறது என்று அங்கே குளித்துக்கொண்டிருப்பவரிடம் கேட்டு, மறுபடி மிதித்துப் போக சைக்கிளால்தான் முடியும். இந்த மதகுகளின் வழியே பாய்வது 44,856 ஏக்கர். ஏரியின் முழு அளவு 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் இந்த எண்களை எங்கள் ஊர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எத்தனை அடி நிற்கிறது என்பதுதான் அந்த நாட்களில் முதல் பேச்சு.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியில் மேல்காற்று ஏரியின் மேல் தடையில்லாமல் ஓடிவந்து உங்கள் வலத்தோளில் மோதும். ஆழமான ரிம் போட்ட சக்கரம் கட்டியிருந்தால் ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கும்; எதிரே பேருந்து வரும்போது இது விளையாட்டல்ல. கரைச் சாலை குறுகலானது, இருபுறமும் சரிவு. பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு ஓட்ட இது இடமில்லை. ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை வருவது நல்லது. பனி இருக்கும், ஏரியில் தண்ணீர் இருக்கும், கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் இருக்கும்.

அதே மாதங்களில் சம்பா அறுவடையும் நடக்கும். சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். உங்களுக்கு அது இடைஞ்சல்தான், எனக்குத் தெரியும். மெல்லிய டயருக்கு ஆபத்தும்கூட. ஆனால் களம் இல்லாத விவசாயிக்கு ஈரப்பதம் குறைத்தால்தான் கொள்முதல் நிலையத்தில் நெல் எடுபடும். மழை மேகம் திரண்டால் அந்த நெல்லை அவர் எப்படி அள்ளுவார் என்று பார்த்தவன் ஹாரன் அடிக்க மாட்டான். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நூறு அடி தூரம்தான்.

இதே சாலையில் காலை எட்டரைக்கு இன்னொரு சைக்கிள் கூட்டம் வரும். அரசு கொடுத்த சைக்கிளில், பின்னால் தம்பியையோ தங்கையையோ ஏற்றிக்கொண்டு, பிளஸ் ஒன் பிள்ளைகள். கியர் கிடையாது, ஹெல்மெட் கிடையாது, அந்தக் காற்றில் தினமும் போய் வருகிறார்கள். அவர்களோடு சற்று தூரம் ஓட்டுங்கள். உங்கள் சைக்கிளைத் தொட்டுப் பார்க்கக் கேட்டால் ஓட்டவே கொடுங்கள்.

ஏரியின் தெற்கு முனையில் லால்பேட்டை. அரபிக் கல்லூரியும் வெற்றிலைக் கொடிக்காலும் அந்த ஊரின் அடையாளம். மிகுதி நீர் வெளியேறும் வெள்ளியங்கால் மதகும் அங்கேதான். கரையோரத்தில் ஏரி மீன் வாங்கலாம். அதைத் தாண்டினால் காட்டுமன்னார்கோவில். பண்ருட்டியிலிருந்து 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்திருப்பீர்கள். இரவு தங்க எளிய விடுதிகள் உண்டு. இன்னும் வசதி வேண்டுமென்றால் சிதம்பரம் 25 கிலோமீட்டர் தொலைவில்தான்.

காட்டுமன்னார்கோவிலை இரவு தங்கும் ஊராக மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது. அவர் பேரன் ஆளவந்தாரும் இந்த மண்தான். வீரநாராயணப் பெருமாள் கோவிலில் ஏரியின் பெயரும் பெருமாளின் பெயரும் ஒன்று. ஊரின் மறுபகுதியான உடையார்குடியில் அனந்தீசுவரர் கோவில். அதன் சுவரில், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. சோழர் வரலாற்றில் மிக அதிகம் விவாதிக்கப்பட்ட கொலைக்குக் கையில் இருக்கும் கல் சாட்சி அது. கோவில்கள் பகல் பன்னிரண்டு மணியளவில் நடை சாத்திவிடும், மாலையில்தான் திறக்கும். அதற்கேற்ப நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு வேட்டியோ தொளதொளப்பான பேண்ட்டோ வைத்திருங்கள். சைக்கிள் ஜெர்சியோடு உள்ளே வருவதை வயதானவர்கள் விரும்புவதில்லை, அவர்கள் மனதை நோகச் செய்ய வேண்டிய தேவையும் நமக்கில்லை.

இன்னொருவரையும் சொல்லாமல் விடமாட்டேன். தீண்டாமைக் கொடுமைகளை நாடு முழுவதும் ஆராய்ந்து 1969-இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர் எல். இளையபெருமாள் இந்த ஊர்க்காரர். சோழர் கல்வெட்டைத் தேடி வருகிறவர்கள் அவர் பெயரையும் தெரிந்துகொண்டு போனால்தான் இந்த ஊரின் வரலாற்றை முழுதாகக் கேட்டவர்கள் ஆவார்கள்.

இரண்டாம் நாள் காலை மேலக்கடம்பூர். காட்டுமன்னார்கோவிலிலிருந்து சில கிலோமீட்டர், வயல் நடுவே சின்னச் சாலை. அமிர்தகடேசுவரர் கோவிலின் கருவறையே கல்லில் செய்த தேர். சக்கரம் உண்டு, இழுக்கும் குதிரை உண்டு. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கற்றளி. பத்துக் கையோடு காளையின் மேல் ஆடும் சிவனின் செப்புத் திருமேனி ஒன்று இங்கே இருக்கிறது. அது வங்கத்துப் பாலர் கலைப்பாணியில் அமைந்தது. வேலைப்பாட்டின் நுணுக்கத்துக்கு, என் கணக்கில், இந்தப் பாதையில் இதை மிஞ்சும் கோவில் வேறில்லை. பெரிய கோவில்களின் பெயர் கேட்டு வருகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் தாண்டாதீர்கள்.

அங்கிருந்து மேற்கே கங்கைகொண்ட சோழபுரம். தூரத்திலேயே விமானம் தெரியும். அதை நோக்கி ஓட்டுவது ஒரு தனி இன்பம். 11-ஆம் நூற்றாண்டில் முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய தலைநகரம். சுமார் 250 ஆண்டுகள் சோழநாட்டை இங்கிருந்துதான் ஆண்டார்கள். 2004-இல், வீராணத் தண்ணீர் சென்னை வந்த அதே ஆண்டில், யுனெஸ்கோ இங்குள்ள கோவிலை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது. தஞ்சைக் கோவிலைவிடச் சற்றே குட்டையான விமானம், ஆனால் அதன் கோடுகள் வளைந்து மேலேறும் விதத்தை நான் தஞ்சையைவிட உயர்வாக மதிக்கிறேன். சண்டேசருக்குச் சிவன் பூச்சுற்றும் சிற்பத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றாலும் தகும். பிறகு மாளிகைமேட்டுக்குப் போய், அகழ்ந்தெடுத்த அரண்மனையின் செங்கல் சுவர்களைப் பாருங்கள். அரண்மனையில் எஞ்சியது அவ்வளவுதான்.

இந்த நகரத்துக்கும் ராஜேந்திரன் ஓர் ஏரி வெட்டினான், சோழகங்கம். வடக்கே படை அனுப்பிக் கொணர்ந்த கங்கை நீரை அதில் சேர்த்து, அதைத் தன் வெற்றித் தூணாக, நீராலான தூணாக, நிறுத்தினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. மக்கள் அதைப் பொன்னேரி என்கிறார்கள். கரையின் மேல் நின்று பார்த்தால் பெரும்பகுதி தூர்ந்து கிடப்பது தெரியும். பராந்தகன் காலத்து ஏரி உயிரோடு இருக்கிறது. அவன் கொள்ளுப்பேரன் மகன் வெட்டிய ஏரி தூர்ந்துவிட்டது. வரத்து வாய்க்காலையும் கரையையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஏரியின் ஆயுள் என்பதை இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

கடைசியாக அணைக்கரை, நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர். கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய கீழணை. மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் முக்கொம்பு, கல்லணை எல்லாம் தாண்டிக் கொள்ளிடத்தில் இறங்கி இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து வடவாறு பிரிந்து வீராணத்தை நிரப்புகிறது. பண்ருட்டியில் தொடங்கி நீங்கள் எதிர்த்து வந்த தண்ணீர் ஏரிக்குப் புறப்படும் இடம் இதுதான். பாலம் குறுகலானது, நடுவில் நிற்க வேண்டாம், கரையில் நின்று பாருங்கள்.

இந்த அணைக்குக் கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பகுதி கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து. கோவிலின் சுற்றுமதிலையும் இடிந்திருந்த கட்டடங்களையும் உடைத்துக் கல்லை எடுத்துக்கொண்டார்கள். ஊர்மக்கள் தடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. மதிலுக்குப் பதில் செங்கல் சுவர் கட்டித் தருவதாகச் சொன்னதும் நடக்கவில்லை. நீங்கள் காலையில் பார்த்த கோவில் பரந்த வெளியில் தனித்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ராஜேந்திரனின் மதில் கற்கள் கொள்ளிடத்து நீரை மறித்து வடவாற்றில் திருப்ப, அது ராஜாதித்தன் பெயர் சொல்லும் ஏரியில் நிறைந்து, அங்கிருந்து குழாய் வழியே அண்ணா நகர், போரூர் வீடுகளுக்கு வருகிறது. கோவிலும் அணையும் ஏரியும் சுற்றுலாப் புத்தகத்தில் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும். சைக்கிளில் வந்தால் அவை ஒரே கட்டுமானம் என்று தெரியும்.

அணைக்கரையிலிருந்து திருப்பனந்தாள் வழியாகக் கும்பகோணம் போய் ரயில் பிடித்துவிடலாம். இரண்டாம் நாளும் முதல் நாள் அளவு தூரம்தான். ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. வேகத்தை எண்ணி வருகிறவர்களுக்கு இந்தப் பாதையில் பெருமை கிடைக்காது. நேரம் பிடித்துப் பந்தயம் ஓட்டக் கரைச் சாலை ஏற்றதுமல்ல. மாடும் ஆடும் பிள்ளைகளும் நடக்கும் சாலை அது. வழியில் இளநீர், டீ, இட்லி எல்லாம் கிடைக்கும். அந்தச் சின்னக் கடைகளில் வாங்கிச் சாப்பிடுங்கள். எனர்ஜி பார் உறைகளைப் பைக்குள்ளேயே திரும்பக் கொண்டுபோங்கள். அது ஏரிக்குள் விழுந்தால் உங்கள் தண்ணீருக்குள்தான் விழுகிறது.

இனி, நான் உண்மையில் கேட்க வந்தது. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளத்தோடு வண்டல் வந்து ஏரியில் படிகிறது. செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் மேட்டு நிலத்து மண்ணை அள்ளி வருகின்றன. படிந்த மண் அளவுக்கு நீர் குறைகிறது. குறையும்போது வயலுக்கா, சென்னைக்கா என்ற பேச்சு எழுகிறது. சென்னைக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்பவன் நானல்ல. தாகத்துக்குத் தண்ணீர் தருவது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ஏரியைத் தூர்வாருங்கள் என்று கேட்கும் குரல் இதுவரை விவசாயிகள் பக்கமிருந்து மட்டுமே வருகிறது. குடிக்கிறவர்கள் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் இந்த ஏரியைப் பார்த்ததில்லை, அவ்வளவே.

நீங்கள் ஒரு ஊரைப் பார்த்தால் அதன் மேடு பள்ளம், காற்று, கடை, நாய் வரை நினைவில் வைத்துக்கொள்கிறவர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். தை பிறந்ததும் ஒரு சனி, ஞாயிறு வாருங்கள். திரும்பிப் போன பிறகு, வீராணத்தைத் தூர்வாரும் கோரிக்கை எழும்போதெல்லாம் எங்கள் விவசாயிகளின் கையெழுத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்தையும் போடுங்கள்.

அன்புடன்,
வீராணம் கரையிலிருந்து ஒரு சைக்கிள்காரன்